பள்ளி விடுமுறையும் பல்கலைக்கழக வாசல்களும்: ஜோஹானஸ்பர்க் முதல் கேப் டவுன் வரை

திங்கட்கிழமை, ஜோஹானஸ்பர்க்

ஜூலை விடுமுறை விட்டாயிற்று. காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும் வெயில், இதுதான் இந்த ஊர்க் குளிர்காலம். மகள் ஒன்பதாம் வகுப்பு. தென்னாப்பிரிக்காவில் இந்த வகுப்பு முக்கியமானது, ஏனென்றால் பத்தாம் வகுப்புக்குள் நுழையும்போதே கணிதம் எடுப்பதா, கணித எழுத்தறிவு என்ற எளிய பாடத்தை எடுப்பதா என்று முடிவு செய்துவிட வேண்டும். 2006 முதல் இந்த ஏற்பாடு. இரண்டாவதை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல், மருத்துவம் எல்லாம் பதினைந்து வயதிலேயே கைவிட்டுப் போய்விடுகிறது.

என் மகள் கணிதம்தான் எடுப்பாள், அதில் சந்தேகம் இல்லை. வகுப்பில் கொடுக்கும் பத்துக் கணக்கை மற்றவர்களுக்கு முன்பாக முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆசிரியர் அதே மாதிரி இன்னும் இருபது கொடுக்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கதவைத் திறந்து என்ன செய்கின்றன என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. விடுமுறைக்கு டர்பன், கேப் டவுன் போகிறோம். வழியில் பார்ப்பதை அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரிலேயே இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம். எல்லோரும் விட்ஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே பாடம் நடத்தும் நம்மூர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். 2007 முதல் 'டார்கெட்டிங் டேலன்ட்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. வசதி குறைந்த பள்ளிகளில், கிராமங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பிலேயே தேடி எடுத்து, பன்னிரண்டு முடியும்வரை பள்ளி விடுமுறைகளில் வளாகத்திலேயே தங்கவைத்துக் கணிதம், அறிவியல், மொழி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். மூன்று வருடம் விடாமல் நடக்கிறது என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

அந்தத் திட்டத்தில் வளர்ந்து இப்போது அங்கேயே பொறியியல் படிக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தோம். வடக்கே லிம்போபோ மாகாணத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஒரு அறை இருந்ததாம், பூட்டியே கிடக்குமாம். இங்கே வந்துதான் முதன்முதலாகக் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தாளாம். "ஆய்வுக்கூடத்தைவிடப் பெரிய விஷயம் ராத்திரிச் சாப்பாடு" என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகும் கணக்கைப் பற்றிப் பேச ஆள் இருந்தது, ஊரில் அப்படி ஒருத்தர்கூட இல்லை என்றாள். என் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விட்ஸ் இருக்கும் பிராம்ஃபொன்டைனில்தான் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையும் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? 1898-இல் இந்த ஊரிலேயே பிறந்த பெண். காந்தி இங்கே நடத்திய 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் போய்விட்டாள். மகளுக்கு இரண்டு வயது மூத்தவள். பூ வைத்துவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை, N3 நெடுஞ்சாலை

டர்பனுக்கு ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர் போல. வில்லியர்ஸ், வார்டன், ஹாரிஸ்மித் என்று ஒரே மஞ்சள் புல்வெளி, அப்புறம் வான் ரீனன் கணவாயில் சாலை சரிந்து இறங்கும்போது லாரிகளுக்கு நடுவில் கை நடுங்கும். மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

வண்டியில் மகள் கேட்டாள், இந்த மாதிரித் திட்டங்களை முதலில் யார் தொடங்கினார்கள் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அமெரிக்காவில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஜூலியன் ஸ்டான்லி என்று ஒரு பேராசிரியர், தேர்வுகளை வைத்து மனிதத் திறனை அளப்பதுதான் அவர் துறை. வயதை மீறிய கெட்டிக்காரன் என்று ஜோசப் பேட்ஸ் என்ற சிறுவனைப் பற்றி அவருக்குச் சொன்னார்கள். அவர் செய்தது ரொம்பச் சுலபமான காரியம்: பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் கல்லூரி நுழைவுக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை அந்தச் சிறுவனுக்குக் கொடுத்தார். அவன் பிரமாதமாக எழுதிவிட்டான், பதின்மூன்று வயதில் 1969-இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்தான்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஏழாம் வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய பத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மேல்வகுப்புத் தேர்வைக் கொடுத்தால்தான் யார் எதுவரை போக முடியும் என்பது தெரிய வரும். 1971-இல் இதற்கென்று ஓர் ஆய்வைத் தொடங்கி, 1972 மார்ச்சில் சுற்றுவட்டாரத்திலிருந்து ஏறக்குறைய நானூற்று ஐம்பது பிள்ளைகளைக் கூட்டி அந்தக் கணிதத் தேர்வை எழுத வைத்தார். 1979-இல் அதிலிருந்து திறன்மிக்க இளையோர் மையம் பிறந்தது. கோடையில் மூன்று வாரம் கல்லூரி விடுதியில் தங்கி ஒரே ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியதுதான். டியூக் பல்கலைக்கழகம் 1980-இல் இதே போல ஒன்று ஆரம்பித்தது, நாற்பது வருடம் நடத்திவிட்டு மூடிவிட்டார்கள். ஸ்டான்லி தேர்ந்தெடுத்த பிள்ளைகள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள் என்பதை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கமிலா பென்போவும் டேவிட் லுபின்ஸ்கியும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள்.

"அந்தத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கத் தெரியாத அப்பா அம்மா இருந்தால்?" என்றாள் மகள். ஹாரிஸ்மித்தில் டீக்கு நிறுத்தும்வரை இதைத்தான் பேசினோம்.

புதன்கிழமை, டர்பன்

சாட்ஸ்வொர்த்தில் தங்கியிருக்கிறோம். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் நகரத்திலிருந்து இந்தியர்களைப் பெயர்த்து எடுத்து 1960-களில் குடியேற்றிய இடம் இது. வீட்டுக்காரத் தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். முதல் கப்பல் ட்ரூரோ மதராஸிலிருந்து வந்து 1860 நவம்பர் 16-இல் இங்கே சேர்ந்தது, இவர்கள் அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. தாத்தாவின் தமிழில் பாதி ஆங்கிலம், ஆனால் சொல்ல வந்ததை விட்டுவிட மாட்டார். மகளைப் "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டதிலேயே அவள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

காலையில் அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய இடம் சாஸ்திரி கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் உயர்நிலைப் பள்ளி. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது, நம் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளிகூட இல்லை என்று பார்த்து, சமூகத்திடம் பணம் திரட்டி எழுப்பிய கட்டடம், 1929-இல் திறந்தது. கும்பகோணத்துக்காரியான எனக்கு, பக்கத்து ஊர்க்காரர் பெயரை இந்து மகாசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் கட்டடத்தின் நெற்றியில் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

இந்த இடத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு, நான் தேடி வந்த விஷயத்தோடு நேராகச் சேருவது. 1936-இல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வகுப்பு நடத்த ஒப்புக்கொண்டது, ஆனால் வெள்ளை மாணவர்களோடு சேர்த்து உட்கார வைக்க மாட்டார்கள். மேபல் பாமர் என்ற அம்மையார் முன்னின்று ஏற்பாடு செய்ய, விரிவுரையாளர்கள் வார இறுதிகளில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்து அதே பாடத்தைத் திரும்ப நடத்தினார்கள். வளாகத்துக்குள் விடாத அநியாயத்தை மறக்க முடியாது. ஆனால் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் பள்ளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்களே, அவர்களை நினைத்தபடியே அந்தத் தாழ்வாரத்தில் நடந்தேன்.

தாத்தாவின் காலம் இன்னும் மோசம். பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரிக்கும் 1959 சட்டம் வந்து மற்றப் பல்கலைக்கழகங்களை இந்தியர்களுக்கு அடைத்துவிட்டது. 1961-இல் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய கொட்டகைகளில் இந்தியருக்கென்று ஒரு கல்லூரி வைத்தார்கள். தாத்தா படகில் போய்ப் படித்தவர். அது 1972-இல் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. மத்தியானம் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போனோம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அறிவியல் மையம் ஒன்று அங்கே இருக்கிறது, தொட்டுப் பார்த்துக் கற்கும் வகை. தாத்தா வாசலிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கால் ரொட்டிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய பன்னி சௌ. காரம் நம்ம ஊர்க் காரம்.

வியாழக்கிழமை, டர்பன்

நேற்றிரவு நடந்ததை எழுத வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தாத்தா ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: 9 = 4+5. 9 = 2+3+4. 15 = 7+8 = 4+5+6 = 1+2+3+4+5. அடுத்தடுத்த எண்களைக் கூட்டி எந்தெந்த எண்ணைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரவே முடியாது, கண்டுபிடியுங்கள் என்று மகளிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் கொடுத்துவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார். பையன் எட்டாம் வகுப்பு, அம்மா மருத்துவமனையில் இரவு வேலை பார்ப்பதால் இங்கேதான் இருப்பான். பள்ளியில் சராசரி மதிப்பெண்தான், "கவனம் இல்லை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியிருக்கிறதாம்.

அரை மணியில் இரண்டு பேரும் 2, 4, 8, 16 வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 32 வரும் என்று மகள் அடித்துச் சொன்னாள், பையன் வராது என்றான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் தாளைத் திருப்பித் திருப்பி எழுதினான். கூட்டுகிற எண்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் நடு எண்ணை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும், அப்படியானால் மொத்தத்துக்குள் ஓர் ஒற்றைப்படை எண் ஒளிந்திருக்கிறது. இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால்? முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒற்றைப்படைதான். இதைப் பிடித்தவள் மகள். "அப்போ ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போனா வர்ற நம்பர்ல ஒற்றைப்படையே கிடையாது, அதான்!" என்று கத்தியவன் பையன். மணி பதினொன்றேகால்.

கவனம் இல்லாத பையனாம்!

தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்குக் கோபமும் கூடவே வந்தது. இந்தப் பையனை எந்தத் திட்டம் கண்டுபிடித்திருக்கும்? மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்வையில் இவன் படவே மாட்டான். பெற்றோர் விண்ணப்பித்துப் பணம் கட்டும் இடத்துக்கும் இவன் போக மாட்டான்.

செவ்வாய்க்கிழமை எழுதியதைப் படித்துவிட்டுத் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள்: மூன்று நாள் முகாம், ஓட்டலில் தங்கல், கடைசியில் 'மேதைச் சான்றிதழ்' என்று விளம்பரம் வருகிறதே, மகனைச் சேர்க்கலாமா என்று. எனக்கும் அதே போல ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். ஆறு வயது முதல் பதினாறு வரை எல்லோரையும் ஒரே தேர்வில் அளந்துவிடுவதாக அதில் இருக்கிறது, யார் பாடம் நடத்துகிறார்கள் என்பதே இல்லை. அந்தப் பணத்தைக் கட்டாதே என்று அவளுக்கு எழுதிவிட்டேன். யார் கற்பிக்கிறார்கள், பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், மூன்று நாள் முடிந்த பிறகு நாலாம் நாள் என்ன நடக்கும், இதையெல்லாம் கேள்.

எங்கள் ஊர் ராமானுஜன் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. பத்துப் பதினோரு வயதில் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் சொல்லிக் கொடுத்ததைத் தீர்த்துவிட்டு, அவர்களிடம் வாங்கிய லோனியின் முக்கோணவியல் புத்தகத்தைப் பதின்மூன்றுக்குள் முடித்தவர். வாடகைக்குத் தங்க வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். அப்படி யாரும் குடிவராத வீடுகளுக்கு என்ன வழி?

வெள்ளிக்கிழமை, கேப் டவுன்

டர்பனிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். மழை, காற்று, மலை முழுக்க மேகம். கேப் டவுன் பல்கலைக்கழகம் டெவில்ஸ் பீக் மலைச் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. 2021 ஏப்ரலில் மலைத் தீ இறங்கி ஜாகர் நூலகத்தின் பழைய வாசிப்பறையை எரித்துவிட்டது, அந்தப் பக்கம் போகும்போது மனது கனத்தது.

இங்கே இரண்டு ஏற்பாடுகள் எனக்குப் பிடித்திருந்தன. ஒன்று, 1977 முதல் நடக்கும் கணிதப் போட்டி. மேற்குக் கேப் மாகாணப் பள்ளிகளிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து ஒரே நாளில் எழுதுகிறார்கள். தனியாக எழுதலாம், இரண்டு பேராகச் சேர்ந்தும் எழுதலாம். இந்த இரட்டையர் பிரிவைக் கேட்டதும் நேற்று முன்தினம் ராத்திரிதான் கண்முன் வந்தது. தேர்வு என்றால் பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று வளர்ந்த எங்களுக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி விடை கண்டுபிடி என்று ஒரு பல்கலைக்கழகமே சொல்வது எவ்வளவு நல்ல விஷயம்! 2014-இல் அனைத்துலகக் கணித ஒலிம்பியாடும் இங்கேதான் நடந்தது, ஆப்பிரிக்க மண்ணில் அதுவே முதல் தடவை. 101 நாடுகளிலிருந்து 560 பேர் வந்திருந்தார்கள்.

இன்னொன்று 'நூறு-அப்'. 2011-இல் கயலிட்ஷா என்ற, கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் புறநகரின் இருபது பள்ளிகளில் பள்ளிக்கு ஐந்து பேர் என்று பத்தாம் வகுப்பிலிருந்து நூறு பேரை எடுத்து ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்தில் சேரும்வரை கைவிடுவதில்லை. கயலிட்ஷா இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இந்த மலையைத் தினமும் தூரத்தில் பார்த்துக்கொண்டே வளர்ந்து ஒரு தடவைகூட இந்தப் படிகளில் ஏறாத பிள்ளைகள் அங்கே ஏராளம் என்று எங்களை அழைத்துப்போனவர் சொன்னார். எல்லாப் பள்ளிக்கும் ஐந்து இடம் என்று வைத்ததால், ஒரு பள்ளி மோசமான பள்ளி என்பதற்காக அதன் பிள்ளைகள் மொத்தமாக விடுபட்டுப் போவதில்லை. இதுதான் சரியான தேடல் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை, மியூசன்பர்க்

கடற்கரையில் உடை மாற்றுவதற்கான வண்ண வண்ண மரக் குடில்கள், அலையில் பிள்ளைகள், குளிரில் எங்களால் காலை மட்டும்தான் நனைக்க முடிந்தது. கடலைப் பார்த்தபடி ஒரு பழைய ஓட்டல் கட்டடம். 2003-இல் நீல் டூரக் என்ற இயற்பியலாளர் ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனத்தை இங்கே தொடங்கினார். கண்டம் முழுவதிலிருந்தும் வரும் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரே கூரையின் கீழ் தங்கிப் படிக்கிறார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது இதனோடு இணைந்த பள்ளி வளமூட்டல் மையம். அதைத் தொடங்கியவர் டோனி பியர்டன், கேம்பிரிட்ஜில் 1996-இல் என்ரிச் என்ற கணிதத் திட்டத்தை ஆரம்பித்தவர். இந்த மையம் கிராமப்புறக் கணித ஆசிரியர்களை வரவழைத்துத் தங்கவைத்துப் பயிற்சி தருகிறது. கெட்டிக்காரப் பிள்ளை நூறு பேரைத் தேடுவது ஒரு வழி, ஓர் ஆசிரியருக்கு நல்ல கணக்குகளைக் கையில் கொடுத்து அனுப்பினால் அவர் வகுப்பில் வருடா வருடம் உட்காரும் அத்தனை பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் என்பது இன்னொரு வழி. யாரும் ஆரம்பிக்கலாம், யாராலும் சீக்கிரம் முடித்துவிட முடியாது, அப்படிப்பட்ட கணக்கை வகுப்பில் போட்டால் திறமை தானாக எழுந்து நிற்கும். தாத்தா நோட்டில் எழுதினாரே, அதே வகைக் கணக்கு. அவர் எந்தப் பயிற்சியிலும் கற்றவர் இல்லை, நாற்பது வருடம் வகுப்பில் நின்று கற்றவர்.

எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆசிரியர்களைத்தான் சொல்வேன், ஏனென்றால் சாட்ஸ்வொர்த் பையனுக்கு இன்றைக்குத் தேவை வளாகம் இல்லை, திங்கட்கிழமை காலை வகுப்பில் அவனைக் கவனிக்கும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை, கேப் டவுன் விமான நிலையம்

தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாட் 1966 முதல் நடக்கிறது, அதில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. முதல் சுற்றைச் சொந்தப் பள்ளியிலேயே எழுதலாம். ஆனால் பதிவு செய்ய வேண்டியது பள்ளி. பையனின் பள்ளி இந்த வருடம் பதிவு செய்யவில்லை என்று தெரிந்தது. தாத்தா விசாரித்து அந்தக் கணக்கு ஆசிரியையின் நம்பரை வாங்கிவிட்டார், அந்த அம்மா அவருடைய பழைய மாணவியாம்! போனில் பேசினேன். வகுப்பில் நாற்பத்தாறு பேர், திருத்துவதற்கே நேரம் போதவில்லை என்றார். கூட ஒரு ஆள் வந்தால் அடுத்த வருடம் கட்டாயம் பதிவு செய்கிறேன் என்றும் சொன்னார். அந்த ஆளாக வருவதாகத் தாத்தா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முன்னால், பள்ளி திறந்ததும் வரும் சனிக்கிழமையிலிருந்து சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் கணக்கு, எட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தத் தெருவாக இருந்தாலும் எந்த மொழி பேசினாலும் சரி. மண்டபம் தருவதாகக் கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நகல் எடுக்கும் செலவு என்னுடையது. முதல் வாரக் கணக்குத் தாளை மகள் இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், விமானம் ஒரு மணி நேரம் தாமதம்.